டிவிடி அல்லது புளூரே பிளேயரை இணைத்தும் டிவியில் படம் வரவில்லையா? எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

படம் வரவில்லை என்றதும் பெரும்பாலானோர் எல்லா வயரையும் பிடுங்கி மறுபடி சொருகுவார்கள். ரிமோட்டில் கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் அழுத்துவார்கள். சில நேரம் படம் வந்தும்விடும். எதனால் வந்தது என்று தெரியாது, அதனால் சில நாளில் மறுபடி போகும். அதைவிடத் தொல்லை, வயர் மட்டுமே தவறாக இருந்த இடத்தில் பிளேயரின் செட்டிங்கும் மாறிப்போய் ஒரு கோளாறு இரண்டாகிவிடுவது. அதன்பிறகு வயரைச் சரியாகச் சொருகினாலும் படம் வராது.

எனவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதனால் பயன் இல்லையென்றால், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்தது. கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் போகிறது: எதையும் கழற்றாமல் பார்க்கக்கூடியவை முதலில், செட்டிங்கை மாற்ற வேண்டியவை பிறகு.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

டிவி ரிமோட், பிளேயரின் சொந்த ரிமோட் இரண்டும் வேண்டும். பிளேயரின் முன்பக்கப் பட்டன்களை வைத்து டிஸ்க்கை ஓட்டலாம், செட்டப் மெனுவுக்குள் போவது பெரும்பாலும் முடியாது. ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால், அதன் முனையைப் போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் ஊதா கலந்த வெள்ளையாக ஒரு புள்ளி மினுக்கும்.

அடுத்தது, வேலை செய்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு கேபிள். புதிதாக வாங்க வேண்டாம். இதே டிவியில் செட்டாப் பாக்ஸ் நன்றாக ஓடுகிறது என்றால் அதன் கேபிளே போதும். வேறெங்காவது ஓடிய ஒரு டிஸ்க், ஒரு டார்ச் லைட், அவ்வளவுதான்.

எதையும் கழற்றும் முன் டிவியின் பின்புறத்தையும் பிளேயரின் பின்புறத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மாட்டிய நிலை எப்படி இருந்தது என்று பத்து நிமிடத்தில் மறந்துவிடும்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று வண்ண வயர்களைச் சொருகும்போது இரண்டு கருவிகளின் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. எர்த் இல்லாத இரண்டு முள் பிளக் கொண்ட கருவிகளின் உடலில் சிறிய கசிவு மின்னழுத்தம் இருக்கும். பின்புற உலோகத்தைத் தொட்டால் விரலில் சுருக்கென்று தைப்பது அதுதான். ஆளுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை, சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சிப்பை அது பதம் பார்த்துவிடக்கூடும்.

2. டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு லோகோ வருகிறதா என்று பாருங்கள்

டிரே காலியாக இருக்கும்போது பிளேயரை ஆன் செய்யுங்கள். பிளேயரின் பெயரோ "நோ டிஸ்க்" என்ற எழுத்தோ திரையில் வந்தால் இணைப்பில் பெரிய கோளாறு இல்லை. வயர், போர்ட், சோர்ஸ் (டிவியில் தேர்ந்தெடுத்திருக்கும் போர்ட்) எல்லாம் சரி. கோளாறு டிஸ்க்கில் இருக்கிறது, அல்லது அதைப் படிக்கும் லென்ஸில்.

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தச் சோதனையைத்தான். டிஸ்க் கீறலாக இருக்கும், அல்லது டிஸ்க்கின் ரீஜன் எண் (எந்தெந்த நாடுகளில் ஓடும் என்பதற்கான குறி) பிளேயரோடு பொருந்தாமல் இருக்கும். இவர்கள் ஒரு மணி நேரம் டிவிக்குப் பின்னால் குனிந்து கிடப்பார்கள்.

லோகோவும் மெனுவும் வந்து, படம் தொடங்கும்போது மட்டும் திரை கறுத்தால் அது வேறு கதை. நேரே 7-ஆம் பகுதிக்குப் போகலாம்.

3. திரையில் என்ன இருக்கிறது?

"படம் வரவில்லை" என்று எல்லோரும் ஒன்றாகச் சொல்வது உண்மையில் நான்கைந்து வெவ்வேறு நிலைகள்.

"நோ சிக்னல்" என்ற எழுத்து வந்தால், டிவி அந்தப் போர்ட்டைக் கவனித்துக்கொண்டிருக்கிறது, அங்கே எதுவும் வரவில்லை. சோர்ஸ் தவறு, வயர் தவறு, அல்லது பிளேயர் ஸ்டாண்ட்பையில் இருக்கிறது. பிளேயரில் சிவப்பு விளக்கு எரிந்தால் கரன்ட் வருகிறது என்றுதான் பொருள்; பல மாடல்களில் அது ஆன் ஆகவில்லை என்பதற்கான அடையாளமே.

"அன்சப்போர்ட்டட்", "மோட் நாட் சப்போர்ட்டட்" போன்ற எழுத்து நல்ல செய்தி. வயர் வழியே சிக்னல் வந்து சேர்ந்துவிட்டது, இந்த டிவிக்கு ஒத்துவராத அளவில் வருகிறது. வயரைத் தொடவே வேண்டாம். பிளேயரின் ரெசல்யூஷனை மாற்ற வேண்டும்.

எழுத்தே இல்லாத வெறும் கறுப்பு என்றால் ஏதோ வருகிறது, டிவியால் அதைக் காட்ட முடியவில்லை. எச்டிஎம்ஐயில் (படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும் டிஜிட்டல் இணைப்பு) இது வந்தால் பெரும்பாலும் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில் சிக்கல்.

புள்ளி புள்ளியாக இரைச்சலோடு வந்தால் டிவி ஆன்டெனா பக்கம் திரும்பி நிற்கிறது. கறுப்பு வெள்ளையாகவோ உருண்டபடியோ வந்தால் 6-ஆம் பகுதியைப் பாருங்கள்.

4. சோர்ஸ்

டிவி ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பட்டனை அழுத்தி, வயர் எந்தப் போர்ட்டில் இருக்கிறதோ அதே பெயரைத் தேர்ந்தெடுங்கள். போர்ட்டின் பக்கத்தில் அச்சிட்ட எண்ணை டார்ச் அடித்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ 1 இருக்கும் என்று நினைக்கும் இடத்தில் 2 இருக்கும்.

சில டிவிகளில் சிக்னல் இல்லாத போர்ட்டின் பெயர் மங்கலாகத் தெரியும், தேர்வும் ஆகாது. பிளேயரை முதலில் ஆன் செய்துவிட்டுப் பட்டியலைத் திறந்தால் அது உயிர் பெறும். ஒவ்வொரு முறை சோர்ஸ் மாற்றிய பிறகும் ஐந்தாறு வினாடி பொறுங்கள். அவசரமாகத் தட்டிக்கொண்டே போனால் சரியான இடத்தைத் தாண்டிப் போவீர்கள்.

5. சாக்கெட்: நிறம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது

மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடதுபக்க ஒலிக்கு, சிவப்பு வலதுபக்க ஒலிக்கு. இது எல்லோருக்கும் தெரியும். தடுக்கி விழுவது இதற்கு அப்பால்.

முதலாவது, "அவுட்", "இன்" என்ற எழுத்துகள். பிளேயரில் "அவுட்" என்று எழுதிய இடத்திலிருந்து டிவியில் "இன்" என்று எழுதிய இடத்துக்கு வயர் போக வேண்டும். சில டிவிகளில் "ஏவி அவுட்" என்று அதே மூன்று நிறத்தில் இன்னொரு வரிசையும் உண்டு. அதில் சொருகினால் இரண்டு முனையும் சிக்னலை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், உள்ளே வாங்க ஆளிருக்காது.

இரண்டாவது, கோஆக்சியல். பிளேயரின் பின்னால் தனியாக ஒரு சாக்கெட், பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். வடிவம் மஞ்சளைப் போலவே, முனையும் கச்சிதமாகப் பொருந்தும். டிஜிட்டல் ஒலிக்கான வழி அது, படம் அதில் வராது. தூசி படிந்த பின்புறத்தில் மங்கிய ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றுபோலத்தான் தெரியும். எழுத்தைப் படியுங்கள்.

மூன்றாவது, இரண்டு சிவப்பு. பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் சேர்ந்தது காம்பொனென்ட், மூன்றுமே படத்துக்கு. அதற்குப் பக்கத்திலேயே ஒலிக்கான வெள்ளையும் சிவப்பும் இருக்கும். இரண்டு சிவப்பையும் மாற்றிச் சொருகினால் படத்தின் நிறம் கெட்டு, ஒரு பக்கம் ஒலியும் போகும். இரண்டு கோளாறும் ஒரே நேரத்தில் வந்தால் சிவப்பைச் சந்தேகப்படுங்கள்.

நான்காவது, டிவியில் மஞ்சள் சாக்கெட்டே இல்லாத நிலை. பல டிவிகளில் பச்சை சாக்கெட்டே மஞ்சளுக்கும் சேர்த்து வேலை செய்யும். சுற்றுவளையம் பாதி பச்சை, பாதி மஞ்சளாகவோ, பக்கத்தில் "வீடியோ" என்ற எழுத்தோ இருக்கும். மஞ்சள் முனையை அந்தப் பச்சையில் சொருகிவிட்டு, சோர்ஸில் "ஏவி" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "காம்பொனென்ட்" என்று தேர்ந்தெடுத்தால் நிறம் இல்லாத படம் வரும்.

இன்னும் மெல்லிய டிவிகளில் ஹெட்போன் துளைபோல ஒரே ஒரு 3.5 மிமீ துளைதான். அதற்கான வயர் டிவியோடு பெட்டியில் வந்திருக்கும், அதையே தேடி எடுங்கள். வெளியே கிடைக்கும் வயரின் முனையிலும் அதே நான்கு வளையம் இருக்கும். எந்த வளையத்தில் படம், எதில் எர்த் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். தவறான வயர் என்றால் படம் இல்லாமல் ஸ்பீக்கரில் "ர்ர்ர்" என்று ஓயாத உறுமல் கேட்கும். படச் சிக்னல் ஒலியின் வழியில் போகிறது. மஞ்சளுக்கான இடத்தில் சிவப்பையோ வெள்ளையையோ சொருகிப் பாருங்கள். சில வயர்களில் அதிலேயே சரியாகிவிடும். எர்த் வளையமே மாறியிருந்தால் அந்த வயர் இந்த டிவிக்கு உதவாது.

புளூரே பிளேயரில் மஞ்சள் சாக்கெட்டைத் தேடுபவர்களுக்கு: நகல்தடுப்பு உரிமத்தின் விதிப்படி 2013-க்குப் பிறகு தயாரான புளூரே பிளேயர்களில் மஞ்சள், காம்பொனென்ட் போன்ற அனலாக் படவழி கிடையாது. எச்டிஎம்ஐ மட்டும்தான்.

6. கறுப்பு வெள்ளைப் படம், உருளும் படம்

மூன்று வண்ண வயர் சரியாக இருந்தும் படம் சிதறியோ நிறமற்றோ வந்தால், அல்லது ஒரு நொடி வந்து மறைந்தால், பிளேயரின் ரிமோட்டைப் பாருங்கள். வி-மோட், பி-ஸ்கேன், வீடியோ என்று ஏதாவது ஒரு பட்டன் இருக்கும். எந்தச் சாக்கெட் வழியாக, எந்த வகையில் படத்தை அனுப்புவது என்பதை மாற்றும் பட்டன் அது. பல பிளேயர்களில் பி-ஸ்கேன் (காம்பொனென்ட் வழியில் படம் அனுப்பும் ஒரு வகை) ஆன் ஆகிவிட்டால் மஞ்சள் வழியில் படம் வராது. குழந்தைகள் கையில் ரிமோட் போய் வந்த பிறகு "திடீரென்று போய்விட்டது" என்று சொல்லப்படும் கோளாறுகளில் கணிசமானவை இதுதான்.

திருத்த வழி: டிஸ்க்கை வெளியே எடுங்கள், ஏனென்றால் படம் ஓடும்போது பல மாடல்களில் இந்தப் பட்டன் வேலை செய்யாது. பட்டனை ஒருமுறை அழுத்தி ஐந்து வினாடி பொறுங்கள். படம் இல்லையென்றால் மறுபடி ஒருமுறை. நான்கைந்து நிலைகள்தான், சுற்றி வந்துவிடும்.

படம் மேலும் கீழுமாக உருண்டால் கலர் சிஸ்டம் பொருந்தவில்லை. பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று டிவிப் படத்தை அனுப்ப இரண்டு முறைகள். பால் முறையில் ஒரு படத்துக்கு 625 வரி, வினாடிக்கு 50 புலம் (ஒரு புலம் என்பது பாதிப் படம்). என்டிஎஸ்சியில் 525 வரி, ஏறத்தாழ 60 புலம். டிவி ஒன்றை எதிர்பார்க்க, பிளேயர் மற்றதை அனுப்புகிறது. பிளேயர் மெனுவில் டிவி சிஸ்டம் என்ற இடத்தில் பால் முறையா என்டிஎஸ்சியா என்று டிவிக்கு ஏற்ப வையுங்கள். டிவி பக்கம் கலர் சிஸ்டத்தை ஆட்டோவில் விடுங்கள்.

7. எச்டிஎம்ஐ: ஆன் செய்யும் வரிசையே பாதி மருந்து

எச்டிஎம்ஐயில் சிக்னல் ஒருவழியாகப் போவதில்லை. பிளேயர் ஆன் ஆனதும் டிவியிடம் "உன்னால் எந்தெந்த அளவுப் படத்தைக் காட்ட முடியும்" என்று கேட்கிறது. டிவி ஒரு பட்டியலைத் திருப்பி அனுப்புகிறது. அதன்பிறகு எச்டிசிபி என்ற நகல்தடுப்புச் சோதனை. இதில் எந்த இடத்தில் பேச்சு அறுந்தாலும் திரை கறுப்புதான். ஆகவே முதலில் அந்தப் பேச்சைப் புதிதாகத் தொடங்க வைக்க வேண்டும்.

டிவி, பிளேயர் இரண்டையும் ரிமோட்டில் அணைப்பது போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து எடுங்கள். ஸ்டாண்ட்பையில் இருக்கும்வரை பழைய குழப்பம் நினைவிலேயே இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து முதலில் டிவியை ஆன் செய்து, சரியான எச்டிஎம்ஐ சோர்ஸுக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அதன் பிறகே பிளேயர். பிளேயர் கேட்கும்போது பதில் சொல்ல டிவி விழித்திருக்க வேண்டும் அல்லவா?

வரவில்லையென்றால் நடுவில் இருப்பதையெல்லாம் விலக்குங்கள். சவுண்ட்பார், ஸ்விட்ச் பாக்ஸ், நீட்டிப்பு முனை எதுவும் வேண்டாம், பிளேயரிலிருந்து நேராக டிவிக்கு ஒரே கேபிள். இப்போது வந்தால் குற்றவாளி நடுவில் இருந்த கருவி.

அடுத்து கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். டிவியின் குழிக்குள் இருக்கும் போர்ட்டில் தடித்த தலை கொண்ட கேபிள் ஓரத்தில் முட்டி, முக்கால்வாசியிலேயே நின்றுவிடும். எச்டிஎம்ஐ முனையில் 19 தொடுபுள்ளிகள். சில தொட்டு சில தொடாமல் இருந்தால், படம் வந்து வந்து போகும். டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டியவர்களுக்கு கேபிள் வளைந்து முனையை இழுப்பதாலும் இதே கதை.

கேபிள் பற்றி ஒன்று. எச்டிஎம்ஐயில் "படம் கொஞ்சம் மங்கல்" என்ற கோளாறு கேபிளால் வராது. கேபிள் தளர்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் பொறிபோலத் தெறிக்கும், அல்லது படம் வெட்டி வெட்டிப் போகும். தங்க முலாம் பூசிய விலை உயர்ந்த கேபிளால் படம் தெளிவாகும் என்பதை நம்ப வேண்டாம். பார்க்க வேண்டியது வேகத் தகுதியை மட்டும்: 4கே படம் வினாடிக்கு 60 என்ற கணக்கில் ஓட 18 ஜிகாபிட் தாங்கும் பிரீமியம் ஹைஸ்பீட் கேபிள் போதும். நீளம் கூடக்கூடத் தாக்குப்பிடிப்பது கடினம், ஆகவே சோதனைக்கு ஒன்றரை மீட்டர் கேபிளை வையுங்கள். நீளமான ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனையில் "சோர்ஸ்" என்று இருக்கும், அது பிளேயர் பக்கம். திருப்பிப் போட்டால் ஒன்றும் வராது.

கேபிளை மாற்றியும் பயனில்லையா? டிவியில் வேறு எச்டிஎம்ஐ போர்ட். 4கே பிளேயர் என்றால் இது முக்கியம்: பழைய 4கே டிவிகள் சிலவற்றில், 4கே டிஸ்க்குக்கு வேண்டிய எச்டிசிபி 2.2 ஒன்றிரண்டு போர்ட்டில் மட்டுமே உண்டு. மெனு வந்து, டிஸ்க் ஓடும்போது மட்டும் கறுத்தால் இங்கேதான் கை வைக்க வேண்டும்.

பிறகு டிவியின் செட்டிங். சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் அல்ட்ரா எச்டி டீப் கலர் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். 4கே எச்டிஆர் (வெளிச்சமும் இருளும் கூடுதல் வேறுபாட்டோடு தெரியும்) படத்துக்கு அது ஆன் ஆக இருக்க வேண்டும். பழைய டிவிடி பிளேயர் அந்தப் போர்ட்டில் இருந்து படம் வராவிட்டால் ஆஃப் செய்து பாருங்கள்.

கடைசியாக ரெசல்யூஷன். பிளேயர் 1080பி அனுப்பும்படி வைக்கப்பட்டு, டிவி அதை ஏற்காவிட்டால் மெனுவே தெரியாது. தெரியாத மெனுவை எப்படி மாற்றுவது? டிவிடி பிளேயர் என்றால் எச்டிஎம்ஐயோடு மஞ்சள் வயரையும் மாட்டுங்கள். டிவியை ஏவிக்கு மாற்றினால் மெனு தெரியும். அங்கே ரெசல்யூஷனை ஆட்டோ அல்லது 720பி என்று வைத்துவிட்டு எச்டிஎம்ஐக்குத் திரும்புங்கள். மஞ்சள் இல்லாத புளூரே என்றால் வேறொரு டிவியில் மாட்டி ஆட்டோவுக்கு மாற்றிக் கொண்டுவருவது சுலபம். முன்பக்கப் பட்டனை அழுத்திப் பிடித்துப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதியும் பல மாடல்களில் உண்டு. எந்தப் பட்டன் என்பதைக் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள்.

8. படம் உண்டு, ஒலி இல்லை

டிவியின் வால்யூமும் மியூட்டும் முதலில். அடுத்து டிவியின் ஒலி வெளியே சவுண்ட்பாருக்கோ ஹெட்போனுக்கோ போகும்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்பது. சவுண்ட்பார் மாட்டும் எச்டிஎம்ஐ கேபிள், டிவியில் "ஏஆர்சி" என்று எழுதிய போர்ட்டில்தான் இருக்க வேண்டும். மற்றவற்றில் ஒலி திரும்பி வராது.

மெனுவில் ஒலி இருந்து, சில டிஸ்க்கில் மட்டும் ஊமையாகிறது என்றால் அது பெரும்பாலும் டிடிஎஸ் (ஒலியைச் சுருக்கிப் பதியும் ஒரு முறை) ஒலித்தடம். பல டிவிகளால் அதைப் பிரித்துப் பாட முடியாது. பிளேயர் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் "பிட்ஸ்ட்ரீம்" அல்லது "ரா" என்று இருப்பதை "பிசிஎம்" ஆக்குங்கள். பிரிக்கும் வேலையைப் பிளேயரே செய்து அனுப்பும்.

ஒலியோடு "ம்ம்ம்" என்ற ரீங்காரம் ஓயாமல் கேட்டால் டிவியின் ஆன்டெனா அல்லது கேபிள் டிவி வயரைக் கொஞ்ச நேரம் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் வேறுபாடு அந்த வழியாக நுழைகிறது. பிளேயர் மேல் பழியில்லை.

9. கன்வெர்ட்டர் பெட்டி

மூன்று வண்ண வயரை எச்டிஎம்ஐ ஆக்கும் பெட்டியும், எச்டிஎம்ஐயை மூன்று வண்ணமாக்கும் பெட்டியும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். வேலை நேர் எதிர், ஒன்று மற்றதைச் செய்யாது. பழைய பிளேயர், புதிய டிவி என்றால் "ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ" வேண்டும். சிப் எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் எச்டிஎம்ஐ முனை, மறுபக்கம் மூன்று வண்ண முனை என்று வெறும் வயராக விற்பது வாங்கவே கூடாத பொருள். அனலாக்கை டிஜிட்டலாக மாற்ற மின்சாரமும் சிப்பும் வேண்டும், வெறும் செம்பால் ஆகாது.

அதே காரணத்தால் பெட்டிக்கு யூஎஸ்பி வழியே கரன்ட் கொடுக்க வேண்டும். டிவியின் யூஎஸ்பி போர்ட்டில் போதாமல் படம் அடிக்கடி அறுந்தால் போன் சார்ஜரில் மாட்டுங்கள்.

10. வீசிஆர் வழியாக டிவிடி பிளேயரை இணைக்காதீர்கள்

டிவியில் ஒரே ஒரு ஏவி சாக்கெட், அதில் ஏற்கெனவே வீசிஆர் (வீடியோ கேசட் ரெக்கார்டர்). அதனால் டிவிடி பிளேயரை வீசிஆரில் சொருகிவிடுவார்கள். படம் வரும், சில வினாடிக்கு ஒருமுறை வெளுத்துக் கறுத்து வெளுத்து ஓடும். டிவிடியில் இருக்கும் மேக்ரோவிஷன் என்ற நகல்தடுப்பு வீசிஆரின் பதிவுச் சுற்றைக் குழப்புகிறது. எந்த வயரை மாற்றினாலும் தீராது. டிவிக்கு முன்னால் ஒரு சாதாரண ஏவி ஸ்விட்ச் வைத்து இரண்டையும் தனித்தனியாக இணைப்பதே வழி.

11. பழுது யாரிடம்?

எல்லாம் முடிந்தும் வரவில்லையென்றால் இரண்டு சோதனை. அதே போர்ட்டில், அதே கேபிளில் செட்டாப் பாக்ஸையோ லேப்டாப்பையோ மாட்டுங்கள். படம் வந்தால் டிவி நல்லது. பிளேயரை அதே கேபிளோடு வேறு டிவியில் மாட்டுங்கள். அங்கேயும் இல்லையென்றால் பிளேயர்.

பிளேயரின் எச்டிஎம்ஐ மட்டும் செத்துப்போய் மஞ்சள் வழி உயிரோடு இருப்பது உண்டு, குறிப்பாக இடி மின்னலுக்குப் பிறகு. டிவிடிக்கு அந்தப் படமே போதுமானது, ஏனென்றால் டிஸ்க்கில் பதிந்திருப்பதே 480 அல்லது 576 வரிதான். புளூரேயில் எச்டிஎம்ஐ போனால் வேறு வழியில்லை, பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். அவரிடம் "படம் வரவில்லை" என்று சொல்லாமல், எந்த எழுத்து திரையில் வந்தது, எந்தக் கேபிளில், வேறு டிவியில் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். லேசர் இருக்கும் பெட்டி என்பதால் மூடியை நீங்களே திறந்து ஓட விட்டுப் பார்க்க வேண்டாம்.